மூன்றாம் மாடிக்கு வந்த டியூபா

ஜூன் 18

பேண்டு மாஸ்டருக்கு,

வணக்கம். உங்க பேண்டுல புதுசா சேர்ந்திருக்கிற ஏழாம் வகுப்புப் பொண்ணோட அம்மா நான். அடையாளம் சொல்லணும்னா, அந்த வகுப்பிலேயே குள்ளமா இருக்கிறவ. வீட்டில பொடின்னு கூப்பிடுவோம். நான் டவுன் பஸ் ஓட்டுறவ. எழுத்துத் தமிழ் எனக்கு ஓடாது. பேசுற மாதிரியே எழுதறேன், தப்பா நினைக்காதீங்க.

போன வாரம் உங்ககிட்ட இருந்து ஒரு படிவம் வந்தது. எந்த வாத்தியம் கத்துக்க விருப்பம்னு கேட்டிருந்தீங்க. நான் டூட்டிக்கு ஓடுற அவசரத்தில, "புல்லாங்குழல்னு எழுதிக்கோ"ன்னு சொல்லி கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டேன்.

நேத்து சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தா, எங்க மாடிப்படியில ஒரு பித்தளை அண்டா ஏறிப் போயிட்டிருக்கு. அண்டாவுக்குக் கீழ ரெண்டு கால். ஒரு ஷூவுக்கு மட்டும் நாடா கட்டியிருந்தது. அதை வச்சுத்தான் அது எம்பொண்ணுன்னு கண்டுபிடிச்சேன்.

நாங்க இருக்கிறது மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ரெண்டு ரூம்ல நானும் அவளும் மட்டும் இருக்கோம். டியூபாங்கிற அந்த ஊதுற வாத்தியத்தை எங்கே வச்சாலும் கதவு மூட முடியல. கடைசியில அது என் கட்டில்ல படுத்திருக்கு, நான் கீழே பாய் விரிச்சுக்கிட்டேன். கீழ்வீட்டுக்காரர் கடிகாரம் ரிப்பேர் பண்றவர். பொடி முதல் தடவை ஊதினப்போ அவர் தலைமுடி கனத்தில ஒரு ஸ்பிரிங்கை இடுக்கியால தூக்கிட்டு இருந்திருக்கார். அதை இன்னும் தேடிட்டிருக்கார்.

எங்கேயோ தப்பு நடந்திருக்கு. இதை எடுத்துக்கிட்டு புல்லாங்குழல் கொடுத்தனுப்புங்க. அதுன்னா பையில அடங்கும்.

இப்படிக்கு,
பொடியின் அம்மா

*

ஜூன் 20

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் தங்கள் மகள் மூலம் கிடைத்தது. நானும் அவளிடமே பதில் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருடம் பெரிய டிரம்முக்குப் பக்கத்திலேயே நின்றதில் என் வலது காது ஓய்வு பெற்றுவிட்டது. இடது காது மட்டும்தான் பணியில் இருக்கிறது. தாங்கள் போனில் 'வேண்டாம்' என்று சொன்னால் எனக்கு 'வேண்டும்' என்று கேட்டுவிடக்கூடும்.

தங்கள் படிவம் இப்போது என் முன்னால் இருக்கிறது. அதில் 'டியூபா' என்று தெளிவாக எழுதி, கீழே தங்கள் கையெழுத்தும் இருக்கிறது. பெற்றோர் சொல்லக் குழந்தைகள் எழுதுவது வழக்கம் என்பதால் எழுத்தைப் பற்றி நான் சந்தேகப்படவில்லை.

தேர்வு நாளில் ஐம்பத்திரண்டு குழந்தைகளை ஊதச் சொன்னேன். சிலருக்குக் காற்று வந்தது. பலருக்கு எச்சில் வந்தது. ஒரு பையனுக்கு அழுகை வந்தது. தங்கள் மகள் டியூபாவை ஊதியபோது பக்கத்து அறையிலிருந்து கணக்கு டீச்சர் ஓடிவந்து, "சார், கட்டடம் ஆடுதா?" என்று கேட்டார்.

"இதைத் தூக்க முடியுமா உன்னால்?" என்று நான் அவளிடம் கேட்கத்தான் செய்தேன். அதற்கு அவள், "எங்கம்மாவுக்கு டியூபான்னா உயிர் சார். நான் பொறந்ததிலிருந்தே என்னை டியூபாதான் வாசிக்கணும்னு சொல்லிட்டிருக்காங்க" என்றாள். என் அனுபவத்தில் டியூபாவை விரும்பும் ஒரு தாயை நான் பார்த்ததில்லை. அன்று மாலை வீட்டில் என் மனைவியிடம் தங்களைப் பற்றி வெகுநேரம் புகழ்ந்து பேசினேன். அதனால் தங்கள் கடிதம் எனக்கு மட்டுமல்ல, அவளுக்கும் ஏமாற்றம்.

தயவுசெய்து மறுபரிசீலனை செய்யவும்.

தங்கள்,
பேண்டு மாஸ்டர்

*

ஜூன் 23

மாஸ்டருக்கு,

என் காதுல பூ சுத்தாதீங்க. எனக்கு ரெண்டு காதும் நல்லாவே வேலை செய்யுது.

டியூபான்னு ஒரு சாமான் உலகத்தில இருக்குன்னே எனக்கு இந்த மாசம் பதினேழாம் தேதி வரைக்கும் தெரியாது. அதுமேல எனக்கு எப்படி உயிர் வரும்? பொடியை உட்கார வச்சுக் கேட்டேன். "நான் வேண்டாம்னுதான்மா சொன்னேன். சார்தான் கண்ணு கலங்கிட்டார். நீ எடுக்கலைன்னா பேண்டையே மூடிடுவாங்கம்மான்னு சொன்னார். எனக்குப் பாவமாப் போச்சு"ன்னா.

எம்பொண்ணு பொய் சொல்ற பொண்ணு இல்ல. உங்க கதையும் அவ கதையும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டலை. அப்போ பொய் சொல்றது யாருன்னு நீங்களே பார்த்துக்கோங்க. ஐம்பத்திரண்டு பிள்ளைங்க நின்ன இடத்தில இருக்கிறதிலேயே சின்னதாப் பார்த்து இருக்கிறதிலேயே பெருசைத் தலையில கட்டியிருக்கீங்க. பஸ்ல ஒருத்தர் இப்படிப் பண்ணினா நான் வண்டியை ஓரங்கட்டிடுவேன்.

கீழ்வீட்டுக்காரருக்கு ஸ்பிரிங் கிடைச்சிடுச்சு. கண்ணாடியைக் கழட்டினப்போ மூக்குக்கு மேல ஒட்டியிருந்ததாம். ஆனா மறுபடி பொடி ஊதினா, வேலையை விட்டுட்டு சுவர்க் கடிகாரத்துக்கு ஆணி அடிக்கிற வேலைக்குத்தான் போகணும்னு சொல்றார்.

அவளுக்குப் புல்லாங்குழல் கொடுத்துப் பாருங்க. அப்புறம் பேசலாம்.

பொடியின் அம்மா

*

ஜூன் 27

அம்மையாருக்கு,

தங்கள் ஆணைப்படி நேற்று மதியம் தங்கள் மகளிடம் புல்லாங்குழலைக் கொடுத்தேன். நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல் ஐந்து நிமிடம் சத்தமே வரவில்லை. ஆறாவது நிமிடம் அவளுக்குத் தலை சுற்றியது. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். மறுபடி ஊதியபோது ஒரு சத்தம் வந்தது. ஜன்னலில் இருந்த பூனை எழுந்து போய்விட்டது. அவள் மூச்சு பெரிய மூச்சு. அதைப் புல்லாங்குழலுக்குள் செலுத்துவது, தங்கள் பேருந்தைக் கைவண்டிப் பாதையில் ஓட்டுவது போன்றது. மேலும், புல்லாங்குழலுக்கு ஏற்கெனவே பதினான்கு மாணவிகள் இருக்கிறார்கள். அதில் எட்டுப் பேர் வெறுமனே விரலை ஆட்டுகிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த விஷயம். நான் தங்கள் மகள் முன் கண் கலங்கவில்லை. அது உண்மையல்ல. ஆனால் பேண்டை மூடுவது பற்றி அவள் சொன்னது உண்மை. அது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை. புதிதாக வந்திருக்கும் தலைமை ஆசிரியை என்னைத் தனியாக அழைத்துச் சொன்ன செய்தி அது. செப்டம்பரில் எல்லாப் பள்ளிகளும் சேர்ந்து நடத்தும் அணிவகுப்பு வருகிறது. போன வருடம் எங்கள் முன்வரிசை மைதானத்துக்குள் நுழைந்தபோது பின்வரிசை இன்னும் கடைத்தெருவில் இருந்தது. இந்த வருடமும் அப்படியென்றால் பேண்டு அறையைத் தையல் வகுப்புக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். காலடியைச் சேர்த்துப் பிடிப்பது டியூபாவின் வேலை. இரண்டு வருடமாக எங்களுக்கு டியூபா வாசிக்க ஆள் இல்லை.

இதையும் கேட்க வேண்டியிருக்கிறது: தங்கள் கடிதங்களின் உறை இரண்டு முறை ஒட்டியது போலத் தெரிகிறது. என் கடிதங்களின் உறை தங்களிடம் வரும்போது எப்படி இருக்கிறது?

பேண்டு மாஸ்டர்

*

ஜூலை 1

மாஸ்டருக்கு,

உங்க கவரும் அப்படித்தான் வருது. பசை காயாமலே வருது. அதைப் பொடிகிட்ட அப்புறம் விசாரிச்சுக்கறேன். இப்போ விஷயம் அது இல்ல.

கடைசியில உண்மை வெளியே வந்துடுச்சு. உங்க அறை போயிடக் கூடாது, உங்க பேண்டு போயிடக் கூடாது. அதுக்கு எம்பொண்ணு தோள் வேணும். அவ எடை இருபத்தெட்டு கிலோ. டியூபா எடை என்னன்னு நானே தூக்கிப் பார்த்துட்டேன். உங்க பாரத்தை நீங்க சுமங்க.

இன்னைக்கு முதல் டிரிப்லயே அதைக் கொண்டுவந்து உங்க பள்ளிக்கூட வாட்ச்மேன்கிட்ட ஒப்படைச்சுட்டேன். வழியெல்லாம் அது முன்சீட்டுல உட்கார்ந்துட்டு வந்தது. கண்டக்டர் விளையாட்டா அதுக்கு ஒரு டிக்கெட் கிழிச்சு வாய்க்குள்ள போட்டார். ஒருத்தர் அதுமேல சாய்ஞ்சு நாலு ஸ்டாப் தூங்கினார். இறங்கும்போது அதுகிட்ட "மன்னிச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டுப் போனார்.

இனிமே இதைப் பத்தி எழுத வேண்டாம்.

பொடியின் அம்மா

*

ஜூலை 4

அம்மையாருக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒப்புகைச் சீட்டாக மட்டும் இதை எடுத்துக்கொள்ளவும்.

டியூபா வந்து சேர்ந்தது. புதிதாக ஒரு நசுங்கல். உள்ளே ஒரு பயணச்சீட்டும் ஒரு மடக்குக் குடையும் இருந்தன. குடை தங்கள் பயணி யாருடையதோ, விசாரித்துக் கொடுக்கவும். ஊதுகிற இடத்தில் பொருத்தும் கிண்ணம் போன்ற சிறு துண்டு மட்டும் காணவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்க்கவும்.

தங்கள் மகளுக்கு முக்கோணம் கொடுத்திருக்கிறேன். கம்பியால் ஆனது. சட்டைப் பையில் அடங்கும். அறுபத்துநான்கு எண்ணி ஒரு முறை தட்ட வேண்டும். அவள் ஒருமுறைகூடத் தப்பவில்லை. தட்டிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறாள். வேறு எதுவும் பேசுவதில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பேண்டு மாஸ்டர்

*

ஜூலை 26

மாஸ்டருக்கு,

மூணு வாரமா எழுதாதவ இப்போ ஏன் எழுதறான்னு நினைப்பீங்க. பொறுமையாப் படிங்க. கொஞ்சம் நீளம்.

டியூபா போனதிலிருந்து வீடு அமைதியாத்தான் இருந்தது. கட்டில் எனக்குத் திரும்பக் கிடைச்சது. கீழ்வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியல. அந்தச் சந்தோஷத்தில, ஒரு வருஷமா நின்னு போயிருந்த என் கைக்கடிகாரத்தைச் சும்மாவே சரி பண்ணிக் கொடுத்தார். நான் தினம் எவ்வளவு லேட்டுன்னு இப்போ எனக்குத் துல்லியமாத் தெரியுது.

பொடி மட்டும் சரியில்ல. சாப்பிட்டா, படிச்சா, கேட்டதுக்குப் பதில் சொன்னா. கேக்காததுக்கு ஒண்ணும் சொல்லல. சாதாரணமா கேக்காததுக்குத்தான் அவ நிறையச் சொல்லுவா.

நேத்து எனக்கு வார லீவு. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். எருமைக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி. எட்டிப் பார்த்தா, வீட்டுக்காரம்மா செடிக்குத் தண்ணி விடுற ரப்பர் குழாயை வளைச்சு உடம்பைச் சுத்திக் கட்டிக்கிட்டு, ஒரு முனையில மண்ணெண்ணெய் ஊத்துற புனலைச் சொருகிக்கிட்டு, எம்பொண்ணு ஊதிட்டு நிக்கிறா. நீங்க தேடுற அந்தக் கிண்ணம் இன்னொரு முனையில இருக்கு.

நான் சத்தம் போடல. பக்கத்தில இருந்த வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.

"ஏண்டி, இது வேணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, உன்னால தூக்க முடியுமான்னு கேப்பே."

"கேக்க மாட்டேனா பின்னே?"

"அதான் சொல்லல. சார்கிட்ட உனக்கு ஆசைன்னு சொன்னேன். உன்கிட்ட சாருக்கு ஆசைன்னு சொன்னேன். பேண்டை மூடுற விஷயம் மட்டும் பெரிய டீச்சர் சார்கிட்ட சொன்னப்போ கதவுக்கு வெளியே நின்னு கேட்டது. நீங்க ரெண்டு பேரும் பெரியவங்க. ஒருத்தருக்கொருத்தர் மரியாதைக்காக ஒத்துக்குவீங்கன்னு நினைச்சேன். நீங்க சண்டை போட ஆரம்பிச்சுட்டீங்க."

"கடிதத்தையெல்லாம் படிச்சியா?"

"பின்னே எனக்கு என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்? எனக்கு யாரும் எழுதலையே."

மாஸ்டர், இதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கா?

அப்புறமும் விடாம கேட்டேன். "புல்லாங்குழல்தானேடி பாட்டு வாசிக்குது. எல்லாரும் அதைத்தானே கேப்பாங்க. இதுல போம் போம்னு ரெண்டு சத்தம். இதுல என்ன இருக்கு?"

புனலைத் தடவினா. அப்புறம் சொன்னா: "முதல் நாள் சார் எல்லாரையும் வாசிக்கச் சொல்லிட்டு, என்னை மட்டும் நடுவில நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தினதும் எல்லாருக்கும் கால் குழம்பிப் போச்சும்மா. ஒன்பதாவது அண்ணன்களுக்குக்கூட. மறுபடி ஆரம்பிச்சதும் சரியாயிட்டாங்க. யாரும் என்னைப் பார்க்கவே இல்ல. ஆனா எல்லாரும் என் அடியிலதான் நடந்தாங்க."

வகுப்பில வரிசையா நிக்கச் சொன்னா இவ முன்னால நிப்பா, ஏன்னா குள்ளம். போட்டோவில முன்னால உட்காருவா, ஏன்னா குள்ளம். விளையாட்டுக்கு ஆள் பிரிச்சா கடைசியா மிஞ்சுவா, அதுவும் குள்ளம்கிறதாலதான். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் புல்லாங்குழல்னு எழுதச் சொன்னேன், பையில அடங்கும்னு.

பொய் சொன்னதுக்குத் தண்டனையா ஒரு வாரம் பாத்திரம் கழுவச் சொல்லியிருக்கேன். ரப்பர் குழாயை வீட்டுக்காரம்மாகிட்ட நானே போய்க் கொடுத்து மன்னிப்பு கேட்டேன். உங்களைப் பொய்க்காரர்னு எழுதினதுக்கு உங்ககிட்டயும் கேட்டுக்கறேன்.

டியூபா இன்னும் இருக்கா?

பொடியின் அம்மா

*

ஜூலை 28

அம்மையாருக்கு,

இருக்கிறது.

தங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "ரெண்டு பேரும் இத்தனை பக்கம் எழுதியிருக்கீங்க. அந்தப் புள்ளையை ஒரு வார்த்தை கேக்கலையா?" என்றாள்.

தாங்கள் மன்னிப்புக் கேட்டதால் நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. என் இடது காதும் இந்த வருடம் சரியில்லை. குழந்தைகள் வாசிக்கும்போது டிரம்பெட் கொஞ்சம் கேட்கிறது, மற்றதெல்லாம் மழைச் சத்தம் போல இருக்கிறது. போன வருடம் வரிசை குலைந்தது குழந்தைகளின் தவறல்ல. அவர்கள் பிரிந்து போனது எனக்குக் கேட்கவில்லை. டியூபாவை மட்டும் எனக்குக் காது வேண்டியதில்லை. அது நெஞ்சில் அதிரும். தங்கள் மகள் முதல் நாள் ஊதியபோது எனக்குச் சட்டைப் பொத்தான் வரை தெரிந்தது. அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவளை நிறுத்தி ஆரம்பிக்கச் சொன்னது அவளைச் சோதிக்க அல்ல, என்னைச் சோதிக்க.

ஆகவே என் பாரத்தைக் குழந்தையின் தோளில் வைத்தேன் என்று தாங்கள் எழுதியது சரிதான்.

இப்போது நான் செய்யக்கூடியது: வாத்தியம் இனிப் பள்ளியிலேயே இருக்கும். அவள் அதை மாடிக்குத் தூக்க வேண்டாம். வீட்டில் அந்தக் கிண்ணத்தை மட்டும் வைத்துப் பயிற்சி செய்யட்டும். வண்டு பறப்பது போல ஒரு சத்தம் வரும். கடிகாரக்காரர் அதைத் தாங்குவார் என்று நம்புகிறேன். தலைமை ஆசிரியையிடம் என் காதைப் பற்றி நானே சொல்லிவிடப் போகிறேன். அணிவகுப்பு முடிந்த பிறகு. அதற்கு முன்னால் சொல்லும் அளவுக்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

நேற்று அவளைக் கூப்பிட்டு, "உனக்கு எது வேண்டும்?" என்று முறைப்படி கேட்டேன். "டியூபா சார்" என்றாள். கேட்க நான்கு விநாடிதான் ஆயிற்று.

தங்கள்,
பேண்டு மாஸ்டர்

*

ஆகஸ்ட் 2

மாஸ்டருக்கு,

டெப்போவுல கழிச்சுப் போட்ட வண்டியிலிருந்து ரெண்டு சீட் பெல்ட்டைக் கேட்டு வாங்கினேன். எங்க மெக்கானிக் அதுக்குள்ள பஞ்சு வச்சுத் தைச்சு ஒரு தோள்வார் பண்ணிக் கொடுத்திருக்கார். பஸ் கவிழ்ந்தாலும் டியூபா விழாதுன்னு சொல்றார். பொடி மாட்டிப் பார்த்தா. பாரம் தோள்ல இறங்காம இடுப்புல இறங்குது. நடக்கும்போது வலிச்சா உடனே சொல்லணும், வீரம் காட்டக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன். நீங்களும் கண்ணு வச்சுக்கோங்க. உங்களுக்குக் கண்ணு ரெண்டும் நல்லா இருக்குல்ல?

கீழ்வீட்டுக்காரர்கிட்ட வண்டுச் சத்தம் பத்தி முன்கூட்டியே சொல்லிட்டேன். "வண்டுன்னா ஒரு வண்டா, கூட்டமா?"ன்னு கேட்டார். ஒண்ணுதான்னு சொல்லியிருக்கேன்.

உங்க காதைப் பத்தி நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். ஆனா பொடி உங்க கடிதத்தை எனக்கு முன்னாடியே படிச்சிருப்பா. அவளும் யார்கிட்டயும் சொல்லல. நேத்து மட்டும், "சாருக்கு நெஞ்சில கேக்கணும்னா நான் இன்னும் கொஞ்சம் பலமா ஊதணும்மா"ன்னு சொல்லிட்டு ரெண்டு வாழைப்பழம் கூடச் சாப்பிட்டா.

பொடியின் அம்மா

*

செப்டம்பர் 10

அம்மையாருக்கு,

பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு அணிவகுப்பு. பள்ளி வாசலில் புறப்பட்டு, கடைத்தெரு வழியாக, மைதானம் வரை. பெற்றோருக்கு மைதானத்தில் நாற்காலி போடுகிறார்கள். தங்களுக்கு முதல் வரிசையில் ஒரு இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

தங்கள் மகளைக் கடைசி வரிசையில் நடுவில் நிறுத்தியிருக்கிறேன். முன்னால் நிறுத்தினால் பின்னால் இருப்பவர்களுக்கு வழி தெரியாது, வாத்தியம் மறைக்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் அவள் தெரியமாட்டாள். பித்தளையும் இரண்டு காலும்தான் தெரியும். இதற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அவசியம் வரவும்.

பேண்டு மாஸ்டர்

*

செப்டம்பர் 12

மாஸ்டருக்கு,

லீவு கிடைக்கல. மூணு டிரைவர் காய்ச்சல்ல படுத்துட்டாங்க. கெஞ்சிப் பார்த்தேன், சண்டையும் போட்டுப் பார்த்தேன். "உங்க பொண்ணு வாசிக்கிறதுக்கு நூறு பேர் நடந்தா போவாங்க?"ன்னு கேட்டுட்டார் மேலாளர். நியாயம்தான். பொடிகிட்டச் சொன்னேன். "பரவால்லம்மா, வேலை முக்கியம்"னா. அவ அப்படிப் பெரிய மனுஷியாப் பேசினா எனக்குத்தான் கஷ்டமா இருக்கு.

அந்த நாற்காலியில உங்க வீட்டுக்கார அம்மாவை உட்கார வைங்க. பொடியை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்க்கச் சொல்லுங்க, ஒண்ணு என் சார்பா.

பொடியின் அம்மா

*

செப்டம்பர் 15

அம்மையாருக்கு,

நடந்ததைத் தாங்கள் மகளிடம் கேட்டிருப்பீர்கள். அவள் சுருக்கமாகச் சொல்லியிருப்பாள். நான் விரிவாகச் சொல்கிறேன்.

வரிசை குலையவில்லை. வாசலில் எப்படிப் புறப்பட்டோமோ அப்படியே மைதானத்துக்குள் நுழைந்தோம். கடைத்தெருவில் ஒரு மாடு குறுக்கே வந்தது. முன்வரிசை சுற்றிக்கொண்டு போனது, ஆனால் அடி தப்பவில்லை. நான் முன்னால் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. முதுகெலும்பில் மட்டும் போம், போம் என்று வந்துகொண்டே இருந்தது. அது வருகிறவரை பின்னால் எல்லோரும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். திரும்பியே பார்க்கவில்லை.

பரிசு எதுவும் கிடைக்கவில்லை. புல்லாங்குழல்காரிகள் எட்டுப் பேரும் வழக்கம்போல விரலைத்தான் ஆட்டினார்கள். ஆனால் தலைமை ஆசிரியை வந்து, "இந்த வருஷம் எல்லாரும் ஒண்ணா வந்து சேர்ந்தீங்க" என்றார். அவரிடம் அங்கேயே என் காதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அறை எங்களுக்கே இருக்கட்டும் என்றும், எனக்கு உதவியாக ஒரு இளைய ஆசிரியரைப் போடுவதாகவும் சொன்னார். அதை இரண்டு முறை சொல்ல வைத்தேன். முதல் முறையே கேட்டுவிட்டது. இருந்தாலும் மறுபடி கேட்க ஆசையாக இருந்தது.

ஒரு சின்ன விஷயம். இதற்காகத்தான் இந்தக் கடிதத்தை மட்டும் தபாலில் அனுப்புகிறேன். கடைத்தெருவில் திரும்பியதிலிருந்து மைதானம் வரை எங்கள் பின்னாலேயே ஒரு பேருந்து மெல்ல ஊர்ந்து வந்ததாக, நாற்காலியில் உட்காராமல் ஓரமாக எங்களோடு நடந்து வந்த என் மனைவி சொல்கிறாள். அதற்குப் பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தனவாம். அந்தப் பேருந்து மட்டும் ஒருமுறைகூட அடிக்கவில்லையாம். அந்த ஓட்டுநர் யாரென்று தெரிந்தால் என் நன்றியைச் சொல்லவும்.

தங்கள்,
பேண்டு மாஸ்டர்

*

செப்டம்பர் 17

மாஸ்டருக்கு,

நானும் இதைப் பொடிகிட்டக் கொடுக்காமத் தபால்ல போடறேன். காரணம் படிச்சா புரியும்.

அன்னைக்கு எனக்கு அந்த ரூட் இல்ல. கடைசி நேரத்தில காய்ச்சல்காரர் ஒருத்தரோட வண்டியை என்கிட்டக் கொடுத்தாங்க. கடைத்தெருவில திரும்புறேன், முன்னால ஒரு பித்தளை அண்டா போயிட்டிருக்கு. கீழே ரெண்டு கால். இந்தத் தடவை ரெண்டு ஷூவுக்கும் நாடா கட்டியிருந்தது.

கண்டக்டர், "ஹாரன் அடிங்கக்கா, ஒதுங்குவாங்க"ன்னார். என் கை ஹாரன் மேலதான் இருந்தது. அடிச்சா அவ திரும்பிப் பார்ப்பா, பார்த்தா அடி தப்பும். கையை எடுத்துட்டேன். முதல் கியர்ல போட்டு, அவ எடுத்து வைக்கிற அடிக்கு நானும் நகர்ந்தேன். வண்டியில அறுபது பேர். முதல்ல முணுமுணுத்தாங்க. அப்புறம் ஒரு அம்மா, "அந்த ஓட்டைப் பாத்திரத்தை யாரு தூக்கிட்டுப் போறது, ஆளையே காணோமே?"ன்னு எட்டிப் பார்த்தாங்க. நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். எம்பொண்ணுன்னு சொல்லியிருந்தா அறுபது பேரும் என்னையே பார்ப்பாங்க.

எனக்குப் புல்லாங்குழலும் கேக்கல, டிரம்பெட்டும் கேக்கல. என்ஜின் சத்தத்தைத் தாண்டி அது ஒண்ணுதான் வந்தது. ஸ்டியரிங்ல அதிர்ந்துச்சு. மைதானத்து வாசல்ல நீங்க எல்லாரும் உள்ளே திரும்பினீங்க. அவ கடைசியாத் திரும்பினா. அப்பவும் இந்தப் பக்கம் பார்க்கல. நல்ல பொண்ணு.

பொடிகிட்ட இன்னும் சொல்லல. அடுத்த வருஷமும் அவ திரும்பிப் பார்க்காம நடக்கணும்.

பதினேழு நிமிஷம் லேட். டெப்போவுல ஒரு தாளை நீட்டி, தாமதத்துக்குக் காரணம் எழுதுங்கன்னாங்க. ஊர்வலம்னு எழுதலாம், போக்குவரத்து நெரிசல்னு எழுதலாம். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. ரொம்ப நேரம் பேனாவைப் பிடிச்சுட்டு நின்னேன். அப்புறம் எனக்குத் தெரிஞ்ச எழுத்துத் தமிழ்ல, தப்பில்லாம, ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்:

"முன்னால் என் மகள் போய்க்கொண்டிருந்தாள்."

பொடியின் அம்மா